செட்சி ஈயின் தொகையும் உயரும் வெப்பமும்



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசுவது வழக்கம். மொழியியல் கற்ற ஒருவன் ஆப்பிரிக்க ஈ ஒன்றைப் பற்றிப் பேசவிருக்கிறான் என்பதை அழைப்பிதழில் கண்டு சிலர் வியந்திருக்கக்கூடும். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். அறிவியலைத் தமிழில் சொல்வது பற்றி நாம் பேசும்போதெல்லாம் கலைச்சொல்லைப் பற்றியே பேசுகிறோம். சொல் கிடைத்துவிட்டால் பொருளும் வந்து சேர்ந்துவிடும் என நம்புகிறோம். உண்மையில் அறிவியலின் பெரும்பகுதி வாக்கியத்தில் தங்கியிருக்கிறது. வினையெச்சம் ஒன்று மாறினால் கூற்றின் உண்மையே மாறிவிடும். இதனை விளக்க எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஜிம்பாப்வே நாட்டின் சாம்பசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் செட்சி ஈ. ஆகவே இன்று முதலில் ஈயைப் பற்றியும், பின்னர் மூன்று வாக்கியங்களைப் பற்றியும் கூறுவேன்.

1. பெயரும் நோயும்

செட்சி என்னும் பெயர் தென்னாப்பிரிக்கப் பகுதியில் வழங்கும் சுவானா மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அச்சொல்லுக்கே ஈ என்றுதான் பொருள். எனவே செட்சி ஈ என்று சொல்லும்போது ‘ஈ ஈ’ என்றே சொல்கிறோம். ‘கேட்டுக் கதவு’ என்று பேச்சில் வழங்குகிறோமே, அதே வகை. பிறமொழிச் சொல்லின் பொருள் மறைந்தவுடன் தமிழ்ச்சொல் வந்து துணை நிற்பது மொழியின் இயல்பு. ஆதலின் இதனைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை.

இந்த ஈ குருதியை மட்டுமே உண்டு வாழ்வது. கொசுவில் பெண் மட்டுமே குருதி உறிஞ்சும். செட்சியிலோ ஆண், பெண் இரண்டும் உறிஞ்சும். உறிஞ்சும்போது டிரிபனோசோமா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியை ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிருக்குக் கொண்டு செல்லும். மனிதரிடம் அது தூக்க நோயாகவும், கால்நடையிடம் நகானா என்னும் நோயாகவும் வெளிப்படுகிறது. நகானா என்பது சூலு மொழிச் சொல். உள்ளமும் உடலும் சோர்ந்து தாழ்ந்த நிலையைக் குறிப்பது. 1895ஆம் ஆண்டில் சூலுலாந்தில் பணியாற்றிய டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர், நோயுற்ற மாடுகளின் குருதியில் இவ்வொட்டுண்ணியைக் கண்டார்; அதனைப் பரப்புவது செட்சி என்பதையும் நிறுவினார்.

நம் மலேசிய மண்ணில் செட்சி ஈ இல்லை. ஆயினும் அதன் ஒட்டுண்ணியின் உறவினம் ஒன்று இங்கும் உண்டு. சுர்ரா என்னும் கால்நடை நோயை உண்டாக்கும் அவ்வினத்தை, 1880இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் குருதியில் கிரிபித் எவன்ஸ் கண்டறிந்தார். அது செட்சியின் துணையின்றிக் குதிரையீ போன்ற கடிக்கும் ஈக்களின் வாயில் ஒட்டியே பரவிவிடும். எனவேதான் அது ஆப்பிரிக்காவைக் கடந்து ஆசியாவெங்கும் பரவ முடிந்தது. செட்சியை நம்பிய இனங்களோ செட்சி வாழும் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டன. ஈ எங்கு வாழ முடியும் என்பதுதான் நோய் எங்கு வாழ முடியும் என்பதை முடிவு செய்கிறது.

2. ஈனும் ஈ

தமிழில் உயிர்களின் பிறப்பைக் குறிக்கும் வினைகள் நுட்பமானவை. கோழி முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். பசு கன்று ஈனும். நாய் குட்டி போடும். ஈ என்றால் முட்டையிடும் என்று நாம் தயங்காமல் எழுதிவிடுவோம். செட்சியின் திறத்தில் அவ்வினை பொருந்தாது.

செட்சி ஈயின் கருப்பையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முட்டை மட்டுமே கருவுறும். அது தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து புழுவாகும். தாயின் பாற்சுரப்பி ஒன்று அப்புழுவுக்கு ஊட்டம் அளிக்கும். ஏறத்தாழத் தாயின் எடையையே எட்டும் அளவுக்கு வளர்ந்த பின்னரே அப்புழு வெளிவரும். வெளிவந்த புழு எதையும் உண்பதில்லை. சிறிது நேரத்திற்குள் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிடும். மண்ணுக்குள் கழியும் காலம் சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம். அதுவரை தாய் தந்தனுப்பிய கொழுப்பே அதன் கட்டுச்சோறு.

ஆகவே செட்சிக்கு உரிய வினை ஈனுதலே. ‘ஈ’ என்னும் பெயருக்கும் ‘ஈன்’ என்னும் வினைக்கும் வேர் ஒன்றென்று நான் கூற வரவில்லை; அது ஒலி ஒப்புமை மட்டுமே. மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள அவ்வொப்புமை உதவுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெண் ஈ தன் முதற்புழுவை ஈனுவது கூட்டைவிட்டு வெளிவந்து இரண்டு வாரங்கள் கடந்த பின்னரே. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து நாளுக்கு ஒன்று வீதம் ஈனும். நம் ஊர் ஏடிஸ் கொசுவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரே தடவையில் நூறு முட்டை வரை இடும். அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதம் காத்திருக்கும். கொசு எண்ணிக்கையால் வாழ்கிறது. செட்சியோ தாயின் ஆயுளால் வாழ்கிறது.

3. தொகையின் கணக்கு

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். ஓர் இடத்தில் வாழும் ஓரினத்து உயிர்களின் மொத்தத்தை எவ்வாறு குறிப்பது? மக்கள்தொகை என்பது ஈக்கு ஒவ்வாது. இலங்கைப் பாடநூல்கள் குடித்தொகை என்று எழுதுகின்றன. அது நல்ல சொல்லே. நான் இவ்வுரையில் தொகை என்றே வழங்குகிறேன். தொகை என்பது எண்ணிக்கையையும் குறிக்கும், ஒன்றுசேர்ந்த கூட்டத்தையும் குறிக்கும். உயிரியலில் இவ்விரண்டு பொருளும் ஒருங்கே வேண்டியிருக்கின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பலகையில் எழுதிக் காட்டலாம். எளிமைக்காக, பெண் ஈ 16ஆம் நாளில் முதற்புழுவை ஈனுகிறது, பின்னர் 9 நாளுக்கு ஒரு முறை ஈனுகிறது என்று கொள்வோம். நூறு பெண் ஈக்களில் தொடங்குவோம். நாளொன்றுக்கு 2 விழுக்காடு இறக்கின்றன என்றால், அந்நூறும் தம் வாழ்நாளில் ஈனும் புழுக்கள் மொத்தம் ஏறத்தாழ 435. பாதி பெண் எனக் கொண்டால் மகள்கள் 217. தொகை பெருகும். இறப்பு வீதம் 4 விழுக்காடானால் புழுக்கள் ஏறத்தாழ 169, மகள்கள் 85. நூறு தாய்க்கு எண்பத்தைந்து மகள். மண்ணுக்குள் ஒரு கூட்டுப்புழுகூட இறவாவிட்டாலும் தொகை தலைமுறைதோறும் தேய்ந்துகொண்டே போகும்.

இரண்டுக்கும் நான்குக்கும் இடையே வளர்ச்சிக்கும் அழிவுக்கும் உள்ள தொலைவு அடங்கிவிட்டது. நாள்தோறும் நூற்றில் இரண்டு ஈ கூடுதலாக இறப்பதைக் கண்ணால் பார்த்து எவரும் உணர முடியாது. மாணவர் பலர் ‘எண்ணிக்கை’, ‘வீதம்’ என்னும் இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர். ‘நான்கு விழுக்காடுதானே’ என்று சிறுமையாகக் கருதுகின்றனர். ‘நாள்தோறும்’ என்னும் அடையை விட்டுவிட்டுப் படிப்பதே அம்மயக்கத்துக்குக் காரணம். அந்த ஒரு சொல்லில்தான் இக்கணக்கின் வலிமை முழுதும் இருக்கிறது.

செட்சி கட்டுப்பாட்டுப் பணிகள் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவையே. கிளின் வேல் முதலிய ஆய்வாளர்கள் ஜிம்பாப்வேயில் உருவாக்கிய பொறித்திரைகள் இதற்குச் சான்று. மாட்டின் மூச்சில் உள்ள அசிட்டோன் முதலிய மணப்பொருள்களை வைத்து, கறுப்பும் நீலமுமான துணியில் பூச்சிக்கொல்லி தடவி, ஈயை வரவழைத்துக் கொல்வார்கள். ஈ அனைத்தையும் கொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரு சிறு பங்கு தவறாமல் இறந்தால் போதும்.

4. வெப்பம் செய்யும் இரண்டு வேலைகள்

வெப்பம் உயரும்போது செட்சிக்கு இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. ஒன்று நன்மை, மற்றொன்று தீமை.

நன்மை யாதெனில் வளர்ச்சி விரைவு. ஈனும் இடைவெளி குறைகிறது. மண்ணுக்குள் இருக்கும் காலமும் சுருங்குகிறது. குளிர்காலத்தில் ஏழு வாரம் வரை நீளும் அக்காலம், கடுங்கோடையில் மூன்று வாரமாகிவிடும்.

தீமை யாதெனில் இறப்பு. வளர்ந்த ஈக்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வரை பெரிதும் மாறுவதில்லை. அதன்மேல் விரைந்து ஏறுகிறது. கூட்டுப்புழுவுக்கு இருபுறமும் எல்லை உண்டு. ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே நீடித்த குளிரும், 32 பாகைக்கு மேலே நீடித்த வெப்பமும் அதனைக் கொல்லும். எல்லைக்குள் இருந்தாலும், வெப்பம் மிகுந்தால் கட்டுச்சோறாகிய கொழுப்பு விரைவில் எரிந்து தீரும். வெளிவரும் ஈ சிறியதாகவும், கையிருப்புக் குறைந்ததாகவும் இருக்கும். முதல் உணவைத் தேடிக் கண்டடையும் முன்னரே பல இறந்துவிடும்.

ஈயும் வாளாவிருப்பதில்லை. கோடைப் பகலில் மரப்பொந்துகளிலும், காட்டுப் பன்றியும் எறும்புண்ணியும் தோண்டிய வளைகளிலும் ஒதுங்கும். அங்கே வெளியைவிடச் சில பாகை குளிர்ச்சி உண்டு. ஆயினும் வளைக்குள் அமர்ந்திருக்கும் நேரம் உணவு தேடும் நேரத்திலிருந்து கழிகிறது.

நன்மை தீமையை ஈடுசெய்யாதா என்று கேட்கலாம். முன் போட்ட கணக்கிலேயே பார்ப்போம். இறப்பு வீதம் 4 விழுக்காடு. ஆனால் முதல் ஈற்று 14ஆம் நாளில், பின்னர் 8 நாளுக்கு ஒன்று என விரைவுபடுத்துவோம். புழுக்கள் 203 ஆகும், மகள்கள் 101. நூறு தாய்க்கு நூற்றொரு மகள். மண்ணுக்குள் பத்தில் ஒன்று இறந்தாலே அது 91 ஆகிவிடும். விரைவு சிறிது தாங்கிப் பிடிக்கிறது. முழுவதும் தாங்க அதனால் இயலவில்லை. வெப்பம் இன்னும் ஏறினால் இடைவெளி சிறிதே குறைய, இறப்பு வீதம் பன்மடங்கு பெருகும்.

5. ரெக்கோமிச்சிப் பதிவேடு

இவையெல்லாம் கணக்கு. களத்தில் என்ன நிகழ்ந்தது?

சாம்பசிப் பள்ளத்தாக்கில் மானா பூல்ஸ் தேசியப் பூங்கா உள்ளது. 1984இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நிலப்பகுதி அது. அதனுள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், ரெக்கோமிச்சி ஆய்வு நிலையம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு முதல் அங்கே நாள்தோறும் உயர்வெப்பமும் தாழ்வெப்பமும் குறிக்கப்பட்டு வருகின்றன. மாட்டை ஓட்டிச் சென்று, அதன்மேல் வந்தமரும் ஈக்களைக் கைவலையால் பிடித்து எண்ணும் வழக்கமும் அங்கு உண்டு.

அப்பதிவேடுகளை ஆராய்ந்த ஜெனிபர் லார்ட், ஜான் ஹார்குரோவ், ஸ்டீபன் டோர், கிளின் வேல் ஆகியோர் தம் முடிவுகளை 2018இல் வெளியிட்டனர். 1990இல் ஒரு மாட்டின்மேல் ஒரு பிடிப்பு வேளையில் 50க்கும் மேற்பட்ட ஈக்கள் கிடைத்தன. 2017இல் பத்து வேளைகளுக்கு ஓர் ஈகூடக் கிடைக்கவில்லை. 1975 முதல் அங்கே சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.9 பாகை உயர்ந்திருக்கிறது. ஆண்டின் மிகக் கடுமையான நவம்பர் மாதத்தில் உயர்வு ஏறத்தாழ 2 பாகை.

இங்கே சராசரியைவிட நவம்பரையே உற்றுநோக்க வேண்டும். ஆண்டு முழுதும் சிறிதளவு வெப்பம் கூடினால் ஈ சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் ஒரு மாதத்தில் இரண்டு பாகை கூடும்போதுதான் தொகை முறிகிறது. மெதுவாக ஈனும் உயிர், ஒரு கொடுங்கோடையில் இழந்ததை அடுத்த கோடைக்குள் மீட்டுக்கொள்ள இயலாது.

6. மூன்று வாக்கியங்கள்

இப்போது நான் சொல்ல வந்த மொழிச் செய்திக்கு வருகிறேன். பின்வரும் மூன்று வாக்கியங்களைக் கேளுங்கள்.

வெப்பம் உயர்ந்தபின் ஈ குறைந்தது.
வெப்பம் உயர்ந்ததால் ஈ குறைந்தது.
வெப்பம் உயர்ந்தால் ஈ குறையும்.

முதல் வாக்கியம் காலத்தை மட்டும் கூறுகிறது. ஒன்று முன், மற்றொன்று பின். பதிவேடு தருவது இவ்வளவே. வெப்பமானியும் கைவலையும் வைத்திருப்பவர் யாரும் இதனைத் தயங்காமல் எழுதலாம்.

இரண்டாம் வாக்கியத்தில் மூன்றாம் வேற்றுமை ஏதுப்பொருளில் வந்துள்ளது. அது காரணத்தைக் கூறுகிறது. இதனை எழுத ஒருவர் பிற காரணங்களைக் கண்டு விலக்கியிருக்க வேண்டும். ஈ குறையப் பல வழிகள் உண்டு. 1896ஆம் ஆண்டையொட்டித் தென்னாப்பிரிக்கப் பகுதியெங்கும் பரவிய மாட்டுக் கொள்ளைநோய், கால்நடையையும் காட்டு விலங்குகளையும் பெருமளவில் அழித்தது. உணவிழந்த செட்சி, வெப்பம் எதுவும் உயராமலேயே பரந்த நிலப்பகுதிகளிலிருந்து மறைந்தது. காடு அழிந்தாலும் ஈ குறையும்; பூச்சிக்கொல்லி தெளித்தாலும் குறையும். மானா பூல்ஸ் காக்கப்பட்ட பூங்கா என்பது இங்கேதான் பயன்படுகிறது. அங்கே காடும் விலங்கும் மனிதரால் அழிக்கப்படவில்லை. மேலும், வெப்பத்துக்கேற்ப ஈற்றும் இறப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆய்வகத்திலும் களத்திலும் அளந்து, அவ்வளவைகளைக் கொண்டு ஒரு கணித மாதிரியை அவ்வறிஞர்கள் அமைத்தனர். கண்கூடாக நிகழ்ந்த வீழ்ச்சியை வெப்ப உயர்வே விளக்கக்கூடும் என்று அம்மாதிரி காட்டியது. ‘பின்’ என்பதிலிருந்து ‘ஆல்’ என்பதற்குச் செல்ல இத்துணை உழைப்புத் தேவைப்பட்டது. அப்போதும் அவர்கள் ‘விளக்கக்கூடும்’ என்ற அளவிலேயே நின்றனர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் வாக்கியம் நிபந்தனை. இரண்டாவதற்கும் இதற்கும் எச்சத்தில் ‘த’ என்னும் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. ஆயினும் இது நிகழ்ந்ததைப் பற்றிய கூற்றன்று. இனி நிகழவிருப்பதைப் பற்றிய கூற்று. எல்லா இடத்துக்கும் பொருந்துவதாகத் தோன்றும் கூற்று. இவ்வடிவில் இது பிழையானது. பள்ளத்தாக்கு ஏற்கெனவே சூடானது. அங்கே வெப்பம் உயர்ந்தால் ஈ குறையும். ஜிம்பாப்வேயின் உயர்ந்த சமவெளிகளோ குளிர்ந்தவை. அங்கே செட்சியைத் தடுத்து நிறுத்துபவற்றுள் ஒன்று குளிர். அங்கே வெப்பம் உயர்ந்தால் நிலம் ஈக்கு ஏற்றதாக மாறக்கூடும். ஒரே காரணம், இரு வேறிடங்களில், எதிரெதிரான விளைவு. ஆகவே மூன்றாம் வாக்கியத்துக்கு ‘எங்கே’ என்னும் அடை இன்றியமையாதது. உரிய விலங்கும் நிழலும் அங்கே உண்டா, ஈ அங்கே சென்று சேர வழியுண்டா என்னும் வினாக்களும் அதனைத் தொடர வேண்டும்.

7. ‘ஒழிந்தது’ என்னும் சொல்

‘வெப்பத்தால் செட்சி ஒழிந்தது, தூக்க நோயும் ஒழியும்’ என்று ஒரு செய்தித்தாள் தலைப்பிட்டால் நாம் மகிழலாமா?

நோய் குறைய வாய்ப்புண்டு என்பது மெய். ஒட்டுண்ணி ஈயின் உடலுக்குள் முதிர்ந்து பரவும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும். ஆயுள் குறைந்த ஈ, அது முதிரும் முன்பே இறந்துவிடும். எனவே ஈக்களின் இறப்பு வீதம் ஏறும்போது ஈயும் குறைகிறது, எஞ்சிய ஈயின் தீங்கும் குறைகிறது.

ஆயினும் ‘ஒழிப்பு’ என்னும் ஒரே சொல்லை நாம் மூன்று நிலைகளுக்கு வழங்கிவருகிறோம். ஒரு நோய் மக்கள் நலச் சிக்கலாக இல்லாத அளவுக்குக் குறைவது ஒரு நிலை. ஓரிடத்தில் அதன் பரவல் முற்றிலும் நின்றுபோவது அடுத்த நிலை. உலகெங்கும் இல்லாமற்போவது மூன்றாம் நிலை. தூக்க நோயில் உலக அளவில் பதிவாகும் நோயாளர் எண்ணிக்கை 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது ஆய்வுக்குழுக்களும் மருந்துகளும் ஈக்கட்டுப்பாடும் சேர்ந்து ஈட்டிய பெரும் வெற்றி, முதல் நிலை. சான்சிபாரின் உங்குசா தீவில், மலட்டு ஆண் ஈக்களைப் பெருமளவில் விடுவித்து, 1997இல் செட்சியே இல்லாத தீவென அறிவித்தனர். அது ஓரிடத்து நிறைவு. மாட்டுக் கொள்ளைநோய் 2011இல் உலகிலிருந்தே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அது மூன்றாம் நிலை.

முதலாவதைத் தணிப்பு என்றும், இரண்டாவதை நீக்கம் என்றும், மூன்றாவதை ஒழிப்பு என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்பது என் பரிந்துரை. வேறு நல்ல சொற்கள் கிடைத்தால் அவற்றையே ஏற்போம். மூன்றையும் கலக்காமல் இருப்பதே முதன்மை. தணிந்ததை ஒழிந்தது என்று எழுதினால், காவலை நிறுத்திவிடலாம் என்று படிப்பவர் நினைப்பார். மேட்டுநிலத்து உழவரின் மாட்டுத்தொழுவத்துக்கு ஈ வந்து சேரும்போது, அங்கே நோயை அறிந்து சொல்ல ஆளிருக்காது. சொல்லின் பிழை அவ்வளவு தொலைவு போகக்கூடியது.

8. வகுப்பறைக்கு

2003ஆம் ஆண்டில் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. இன்று இருமொழித் திட்டத்தின் பெயரில் அதே வினா மீண்டும் நம் முன் நிற்கிறது. தமிழில் அறிவியல் கற்பிக்க முடியுமா என்று கேட்போர்க்குக் கலைச்சொல் பட்டியலை எடுத்து நீட்டுவது போதிய விடையாகாது. தமிழால் எவ்வளவு துல்லியமாகக் காரணம் கூற முடியும் என்பதைக் காட்டுவதே விடை. பின், ததால், தால் என்று மூன்று ஈறுகளில் மூன்று வகை அறிவைப் பிரித்துக் காட்டும் மொழி நம்மிடம் இருக்கிறது. அப்பிரிவினையை வகுப்பில் நாம் பயிற்றுகிறோமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினையெச்சத்தைக் கற்பிக்கும் நாளில் ‘மழை பெய்தால் பயிர் விளையும்’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊரில் நாள்தோறும் நாளிதழில் வரும் டெங்கிச் செய்தி ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு ‘ஆல்’ ஈற்றையும் மாணவரைக் கோடிடச் சொல்லுங்கள். ‘இங்கே எழுத்தாளரிடம் உண்மையில் இருப்பது ஆலா, பின்னா?’ என்று கேளுங்கள். அன்று இலக்கணமும் அறிவியலும் ஒரே பாடமாகிவிடும்.

மாணவர்களே, ரெக்கோமிச்சியில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரோ ஒருவர் நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துவைத்தார். குறித்த நாளில் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. பல்லாயிரம் எண்கள் சேர்ந்தபின் ஒரு பள்ளத்தாக்கின் கதை தெரிந்தது. நீங்களும் உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு வெப்பமானியை வைத்துக் குறிக்கத் தொடங்குங்கள். தமிழில் குறியுங்கள். நாளையும் இடத்தையும் தவறாமல் எழுதுங்கள். அவ்வேட்டிலிருந்து ‘ஆல்’ என்னும் ஈற்றை எழுதும் உரிமை, உங்களுக்குப் பின் வரும் ஒருவருக்குக் கிடைக்கும்.